படைமருத்துவ இதழ்களும் அவற்றைப் பயிலும் நெறியும்

முன்னுரை

போர்க்களத்தைப் பாடிய புறத்திணைப் புலவர் விழுப்புண்ணைப் பெரிதும் போற்றினர். மார்பிற் பட்ட புண் புகழாயிற்று; முதுகிற் பட்ட புண் பழியாயிற்று. ஆயின், பாசறையிற் காய்ச்சலுற்றுக் கிடந்து மாண்ட மறவனைப் பற்றி அப்பாடல்கள் நமக்குச் சொல்வது சிறிதே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டிலும் எழுந்த படைமருத்துவ இதழ்கள் இதற்கு மறுதலையாய் நிற்கின்றன. அவை புண்ணையும் பேசுகின்றன. ஆயின் அதனினும் விரிவாகக் காய்ச்சலையும், வயிற்றுக் கடுப்பையும், குடிநீரையும், கழிவிடத்தையும், உணவுப் பங்கீட்டையும் பேசுகின்றன. காரணம் வெளிப்படை. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த போரில் பிரிட்டானியப் படையினருள் பகைவர் குண்டால் மாண்டாரினும் நோயால் மாண்டாரே பலர். அவருள்ளும் குடற்காய்ச்சலால் மாண்டார் மிகப் பலர்.

இவ்விதழ்கள் முன்பு மேலைநாட்டுப் பெருநூலகங்கள் சிலவற்றிலும், நம் நாட்டுப் பழைய மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றிலும் மட்டுமே கிடந்தன. இன்று அவற்றுட் பல பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பெற்று, கணினியிற் சொல் தேடிப் படிக்கத்தக்க மின்வடிவில் அமைந்துள்ளன. கடல் கடந்து சென்று மாதக்கணக்கில் ஏடு புரட்டிக் காண வேண்டியிருந்ததை ஒருவர் தம் அறையில் இருந்தவாறே காணலாம். இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், பேறு வந்த வழியே ஒரு பிழையும் வந்துள்ளது. தேடிக் கண்டதையே படித்ததாகக் கொள்ளும் பிழை அது.

படைமருத்துவம் மருத்துவ வரலாற்றார்க்கு உரியதன்றோ, தமிழ் பயில்வார்க்கு இதனால் ஆவதென் என வினவலாம். இரண்டு காரணங்கள் உள. ஒன்று, சொல்லின் பொருள் காலந்தோறும் வேறுபடுதலையும், ஒரே நூலுக்குப் பல பாடம் நேர்தலையும், எழுதினவன் எங்கு நின்று எழுதினான் என்பதையும் ஆராய்தல் நம் தொழில். அத்தொழிலறிவு இவ்விதழ்களைப் படிப்பார்க்கு முதற்கண் வேண்டுவது. மற்றொன்று, நம் இலக்கியங்களும் இன்று இதே வகையில் மின்வடிவு பெற்று வருகின்றன. பிறர் துறையில் நேரும் பிழையை அறிந்துகொள்வார் தம் துறையில் அதனைத் தவிர்த்தல் கூடும். ஆதலின் இவ்விதழ்களின் குணமும் குற்றமும், அவற்றைப் பயிலும் நெறியும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

இதழ்களின் தோற்றமும் சிறப்பும்

படையினரின் நோயையும் சாவையும் முறையாகத் தொகுத்து அச்சிடும் வழக்கம் பிரிட்டானியப் படையில் 1838-ஆம் ஆண்டு உருப்பெற்றது. அவ்வாண்டில் அலெக்சாண்டர் டுல்லாக், ஹென்றி மார்ஷல் என்னும் இருவரும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்த படைகளைப் பற்றிய புள்ளியியல் அறிக்கையை வெளியிட்டனர். இந்தியாவிலிருந்த படையின் நலநிலையை ஆராய 1859-இல் அமைக்கப்பெற்ற அரச ஆணைக்குழு 1863-இல் தன் அறிக்கையைத் தந்தது. இந்தியாவிலிருந்த ஐரோப்பியப் படைவீரருள் ஆண்டுதோறும் ஆயிரவர்க்கு 69 பேர் மாண்டனர் என்று அது காட்டிய கணக்கு அந்நாளில் பெரும் அதிர்ச்சியை விளைத்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அவ்வெண்ணையே கருவியாகக் கொண்டு சீர்திருத்தத்திற்கு வாதாடினார்.

அறிக்கைகளை அடுத்து இதழ்கள் எழுந்தன. கல்கத்தாவில் 1866-இல் தொடங்கிய 'இந்தியன் மெடிக்கல் கெசட்' 1955 வரை வெளிவந்தது. அதில் எழுதினாருள் பலர் இந்திய மருத்துவப் பணித்துறையைச் சார்ந்த படை அதிகாரிகள். 1898-இல் அமைந்த 'இராயல் ஆர்மி மெடிக்கல் கோர்' என்னும் மருத்துவப் படைப்பிரிவு 1903-இல் தனக்கென ஓர் இதழைத் தொடங்கியது. அது பெயர் மாறி 2020 முதல் 'பி.எம்.ஜே. மிலிட்டரி ஹெல்த்' என வழங்குகிறது. கல்கத்தா இதழ் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் 'பப்மெட் சென்ட்ரல்' தொகுதியில் படிக்கக் கிடைக்கிறது. மற்றதன் பழைய தொகுதிகளும் மின்வடிவு பெற்றுள்ளன.

இவற்றின் சிறப்புகளை முதற்கண் கூறுதல் முறை. ஒன்று, தொடர்ச்சி. ஒரே வகை மக்களை, ஒரே வகைப் படிவத்தில், ஆண்டுதோறும் பதிந்து வந்த ஆவணம் பிறிதொன்று காண்டல் அரிது. இரண்டு, அண்மை. நிகழ்ந்ததை நிகழ்ந்த காலத்தே, கண்டவரே எழுதினர். மூன்று, கூர்மை. தம் மேலதிகாரிகள் குடிநீரைப் புறக்கணித்ததையும், இடம் தேர்ந்ததில் தவறியதையும் மருத்துவர் சிலர் அஞ்சாது எழுதியுள்ளனர். இப்பதிவுகளின் அருமையை நன்கு காட்டிய நூல் பிலிப் கர்ட்டின் 1989-இல் வெளியிட்ட 'டெத் பை மைக்ரேஷன்' என்பது. படைப் பதிவுகளைக் கொண்டு அல்ஜீரியா, மேற்கிந்தியத் தீவுகள், சென்னை மாகாணம் ஆகிய இடங்களிற் படைவீரர் மாண்ட அளவை அவர் ஒப்பிட்டார். நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு நிலைபெறுதற்கு முன்னரே சாவு பெரிதும் குறையத் தொடங்கியதைக் காட்டினார். தூய நீர், கழிவு நீக்கம், கொய்னா, இடமாற்றம் ஆகியவற்றை அதற்குக் காரணமாகக் கண்டார். இத்தகைய முடிபு ஓரிரு சொற்களைத் தேடிப் பெற்றதன்று. நெடுவரிசையான அட்டவணைகளைப் பல்லாண்டு பயின்று பெற்றது என்பதை மறத்தலாகாது.

பெயரும் பொருளும்

பலபொருள் ஒருசொல் என்றும், ஒருபொருள் குறித்த பலசொல் என்றும் நம் இலக்கணிகள் வகுத்தனர். இவ்விரண்டும் நோய்ப்பெயர்களில் நிறைந்து கிடக்கின்றன.

மால்டாத் தீவிலிருந்த பிரிட்டானியப் படையினரை வாட்டிய நெடுங்காய்ச்சல் ஒன்றைக் கொள்வோம். டேவிட் புரூஸ் என்னும் படைமருத்துவர் அதன் நுண்ணுயிரை 1887-இல் பிரித்தறிந்தார். 1905-இல் மால்டா நாட்டு மருத்துவர் ஸாம்மிட் அந்நுண்ணுயிர் ஆடுகளிடத்து இருத்தலைக் கண்டார். 1906-இல் படையினர்க்கு ஆட்டுப்பால் வழங்குதல் நிறுத்தப்பட, நோய் விரைந்து குறைந்தது. இந்நோய் இதழ்களில் 'மால்டாக் காய்ச்சல்' என்றும், 'மத்தியதரைக் காய்ச்சல்' என்றும், 'அலைக்காய்ச்சல்' என்றும் வழங்கும். இன்று மருத்துவ உலகம் வழங்கும் 'புரூசல்லோசிஸ்' என்னும் பெயரைத் தேடுவார்க்கு அக்காலப் பக்கங்களில் ஒன்றும் அகப்படாது. அகப்படாமையால் நோயே இல்லை என முடிபு செய்தல் எத்துணைப் பேதைமை! ஆயின் தேடுபொறி தரும் வெறும் விடையை ஏற்பார் செய்வது இதுவே.

இனி, ஒரு சொல் பல பொருளை மறைத்து நிற்றலும் உண்டு. 'தொடர்காய்ச்சல்' எனவும் 'விட்டுவிட்டு வரும் காய்ச்சல்' எனவும் பழைய பதிவுகள் குறிப்பவற்றுள் மலேரியாவும் இருக்கலாம், குடற்காய்ச்சலும் இருக்கலாம், வேறும் இருக்கலாம். குருதியை ஆய்ந்து குடற்காய்ச்சலைத் துணியும் முறை 1896-இல் தோன்றிய பின்னர், முன்பு வேறு பெயரில் எழுதப்பட்டவை குடற்காய்ச்சல் என்னும் வரிசைக்கு மாறின. அட்டவணையில் குடற்காய்ச்சல் ஏறிற்று எனின், நோய் ஏறிற்றோ, நோயறியும் திறன் ஏறிற்றோ என ஆராய்தல் வேண்டும். முதல் உலகப்போரில் 1915-இல் மருத்துவர் விரித்துரைத்து, 'அகழிக் காய்ச்சல்' எனப் பெயரிட்ட நோயும் இத்தகையதே. அப்பெயர் வருமுன் அது 'பி.யு.ஓ.' என்னும் மூன்றெழுத்துள் அடங்கிக் கிடந்தது. மூலம் அறியப்படாத காய்ச்சல் என்பது அதன் விரிவு. பேன் வாயிலாக அந்நோய் பரவுதல் 1918-இல் மெய்ப்பிக்கப்பட்டது.

ஆதலின், இவ்விதழ்களிற் புகுவார் முதற்கண் செய்யத்தக்கது நோய்ப்பெயர் நிகண்டு ஒன்று தொகுத்துக்கொள்ளுதல். எப்பெயர் எவ்வாண்டு முதல் எவ்வாண்டு வரை எப்பொருளில் வழங்கிற்று என்பதை அந்நிகண்டு காட்டல் வேண்டும். இந்நிகண்டு தேடலுக்கு முன்னர் எழுவதன்று, படித்தலினின்று எழுவது. சில தொகுதிகளையேனும் முதற்பக்கம் தொட்டு இறுதிப்பக்கம் காறும் படித்தார்க்கே அது கைகூடும்.

ஓரெழுத்தால் மாறிய நிலை

பெயர் மாறுதல் அறிவு வளர்ச்சியால் மட்டும் நேர்வதன்று, ஆணையாலும் நேரும். அதற்குச் சிறந்த சான்று 'ஷெல் ஷாக்' எனப்பட்ட குண்டதிர்ச்சி நோய்.

சார்லஸ் மையர்ஸ் என்பார் 1915-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் 'லான்செட்' இதழில் இச்சொல்லைக் கொண்டு கட்டுரை எழுதினார். அதன்பின் அச்சொல் மருத்துவர் வாயினும் வீரர் வாயினும் பெருகிற்று. படைத்துறை அதனை இரு கூறாக்கியது. பகைவர் குண்டு வெடித்ததன் நேர்விளைவாய் வந்தது எனின், பெயரோடு 'டபிள்யூ' என்னும் எழுத்துச் சேர்க்கப்பட்டது. அவ்வீரன் புண்பட்டவனாகக் கருதப்பட்டான். அவ்வாறன்று எனின் 'எஸ்' என்னும் எழுத்துச் சேர்க்கப்பட்டது. அவன் வெறும் நோயாளியானான். ஓரெழுத்தால் ஒருவன் மதிப்பும், புண்பட்டார்க்குரிய பட்டையும், பின்னாள் உதவித்தொகையும் வேறுபட்டன. மார்பிற் பட்ட புண்ணையும் பிறவற்றையும் பிரித்த பழைய மரபை இது நினைவூட்டுகின்றது. ஈண்டு அப்பிரிப்பைச் செய்தது மருத்துவர் கையிலிருந்த எழுதுகோல்.

1917-இல் ஓர் ஆணை பிறந்தது. போர்முனையில் இத்தகையோரை அப்பெயரால் குறித்தலாகாது, 'என்.ஒய்.டி.என்.' என எழுதுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. இன்னும் துணியப்படாதது, நரம்பைச் சார்ந்தது என்பது அவ்வெழுத்துகளின் விரிவு. போர் முடிந்தபின் 1922-இல் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கையும் 'ஷெல் ஷாக்' என்னும் சொல்லைக் கைவிடுமாறு கூறியது.

இனி, ஆய்வு மாணாக்கர் ஒருவர் போர்க்காலப் படைமருத்துவ ஆவணங்களில் 'ஷெல் ஷாக்' என்னும் சொல்லை ஆண்டுதோறும் எண்ணி ஒரு வரைபடம் இடுகின்றார் எனக் கொள்வோம். 1917-க்குப் பின் அக்கோடு இறங்குமாயின், அதனை நோயின் இறக்கம் எனக் கொள்வாரா? கொள்வாராயின், ஆணையிட்டார் விரும்பியதையே நூறாண்டு கழித்து அவரும் நிறைவேற்றியவர் ஆவார். எழுத்தில் மறைக்கப்பட்டவர் ஆராய்ச்சியிலும் மறைக்கப்படுவர். இது எண்ணிற் பிழை மட்டுமன்று. மாண்டார்க்குச் செய்யும் அநீதியுமாகும் என்பது எம் கருத்து.

எண்ணின் பிறப்பு

சொல்லை ஐயுறுவார் பலர் எண்ணை ஐயுறுவதில்லை. அச்சிட்ட அட்டவணை கண்டவிடத்து ஆராய்ச்சி முடிந்ததெனக் கருதுவர். ஆயின் எண்ணும் ஒருவர் எழுதியதே. அதற்கும் பிறப்பு உண்டு.

படை அறிக்கைகளில் 'மருத்துவமனை சேர்ந்தோர்' என்னும் எண் ஆட்களைக் குறியாது, சேர்க்கைகளைக் குறிக்கும். ஒரே வீரன் முறைக்காய்ச்சலால் ஓராண்டில் ஐந்து முறை சேர்ந்தால் அட்டவணையில் ஐந்து எனவே வரும். 'இறந்தோர்' என்னும் எண் இறந்தார் அனைவரையும் அடக்காது. நோயுற்றுப் பணிநீங்கித் தாய்நாட்டுக்குக் கப்பலேறியவன் வழியிலோ வீட்டிலோ இறந்தால், அவன் சாவு அவன் நோயுற்ற இடத்தின் கணக்கிற் சேராது. இந்தியச் சிப்பாய் நோய்விடுப்பிற் சென்று தன் ஊரில் இறந்தாலும் அவ்வாறே. ஆதலின் ஐரோப்பிய வீரன் சாவையும் சிப்பாய் சாவையும் அருகருகே வைத்து ஒப்பிடுமுன், இருவர் சாவும் ஒரே வகையில் எண்ணப்பட்டனவா என வினவல் வேண்டும். மேலும், படையினர் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர். அவர் கணக்கு நாட்டு மக்கள் கணக்காகாது.

இவ்வெச்சரிக்கை இன்று நாம் புதிதாகக் கண்டதன்று. ஆல்ம்ராத் ரைட் என்பார் குடற்காய்ச்சலுக்குத் தடுப்பூசி வகுத்தார். தென்னாப்பிரிக்கப் போரிலும் இந்தியாவிலும் அதனை ஏற்ற படையினர் பற்றிய புள்ளிகள் தொகுக்கப்பட்டன. 1904-இல் அப்புள்ளிகளை ஆராய்ந்த புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன், அவை தடுப்பூசியின் பயனை உறுதிப்படுத்தப் போதா என்றார். ஊசி ஏற்க முன்வந்தோர் இயல்பாகவே தம் உடல்நலம் பேணுவோராயின், அவர்க்கு நோய் குறைந்தது ஊசியாலோ பேணுதலாலோ என்பது அவர் எழுப்பிய தடைகளுள் ஒன்று. ரைட் கடுமையாக மறுத்தார். பின்னர் வில்லியம் லீஷ்மன் முதலியோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட படைப்பிரிவுகளை அடுத்திருந்து, செம்மையான கணக்குகளைத் தொகுத்தனர். முதல் உலகப்போரில் பிரான்சிலிருந்த பிரிட்டானியப் படையில் குடற்காய்ச்சல் மிகக் குறைந்தே காணப்பட்டது.

இவ்வாதத்திலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? ஊசி பயனுடையது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் பியர்சன் எழுப்பிய வினா பிழையன்று. நன்முடிபும் தீய சான்றின்மேல் நிற்றல் கூடாது. வினா எழுந்தமையாலன்றோ செம்மையான கணக்குத் தொகுக்கப்பட்டது! ஆராய்ச்சியில் மறுப்பார் பகைவரல்லர் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

படியும் பாடமும்

இனி மின்வடிவின் இயல்பை நோக்குவோம். திரையில் நாம் காண்பது இரு படிகள். ஒன்று, பக்கத்தின் படம். மற்றொன்று, அப்படத்தை எழுத்துணரி என்னும் கருவி படித்து ஆக்கிய எழுத்துப்படி. நாம் காண்பது முதற்படி; தேடுவது இரண்டாம் படி. பலர் இவ்வேறுபாட்டை உணர்வதில்லை.

ஓலைச்சுவடியில் புள்ளி இடப்பெறாது. எகர ஒகரக் குறில்நெடில் வேறுபாடு தோன்றாது. ரகரமும் காலும் ஒத்து நிற்கும். இவற்றால் நேர்ந்த பாடவேறுபாடுகளோடு பதிப்பாசிரியர் பட்ட பாட்டை நாம் அறிவோம். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1894-இல் புறநானூற்றையும் வெளியிட்டது சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டு ஆய்ந்த பின்னரே. எழுத்துணரியும் ஓர் ஏடெழுதுவோனே. பொருளறியாது படியெடுக்கும் ஏடெழுதுவோன். ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' என்னும் இரு சிற்றெழுத்துகள் அடுத்து நிற்பின் அதனை 'எம்' என்று கொள்ளும். 'இ' என்பதனைச் 'சி' எனக் கொள்ளும். வரியிறுதியில் இரண்டாகப் பிரிந்த சொல் அதற்கு இரு சொல்லாகும். 'பெரிபெரி' என்னும் நோய்ப்பெயர் இடையே சிறுகோடு இட்டும் இடாமலும் அச்சாகியிருத்தலின், ஒன்றைத் தேடுவார் மற்றதை இழப்பர்.

இவற்றினும் கொடியது அட்டவணையில் நேர்வது. எழுத்துப்பிழை கண்ணிற் படும்; எண்பிழை படாது. சொல்லில் ஓரெழுத்து மாறினால் பொருளின்மை தோன்றி நம்மை எச்சரிக்கும். 3 என்பது 8 ஆயின், அதுவும் ஓர் எண்ணே, எச்சரிப்பார் இல்லை. பத்திகள் இடம் மாறி, ஓர் ஊரின் சாவு மற்றோர் ஊர்க்கு ஏறுதலும் உண்டு. எனவே எழுத்துப்படியினின்று எண்ணை எடுத்தாளுதல் அறவே கூடாது. பக்கப்படத்தைக் கண்டு, வரிசையின் கூட்டுத்தொகையைத் தாமே கூட்டிச் சரிபார்த்து எடுத்தல் வேண்டும்.

படமும் முழுமையன்று. நூலகங்கள் இதழ்களைக் கட்டடம் செய்தபோது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் நீக்கிவிட்டது பெருவழக்கு. எம்மருந்து எவ்வாறு விற்கப்பட்டது, எவ்வணிகர் படைமருத்துவரை நாடினர் என அறிதற்கு உதவும் பக்கங்கள் அவை. கட்டடம் செய்த தொகுதியையே படமெடுத்தமையால் அவ்விழப்பு மின்வடிவிலும் தொடர்கிறது. மின்வடிவில் இல்லாதது மூலத்தில் இல்லாதது எனக் கொள்ளற்க.

பேசாதார்

இவ்விதழ்களின் பெருங்குறை ஒன்று எழுத்துணரியால் வந்ததன்று, எழுதினோரால் வந்தது. அவற்றில் பேசுவோர் அதிகாரிகள், பேசப்படுவோர் பிறர்.

மெசபொட்டேமியாவில் கூட் என்னும் ஊர் 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் 29 வரை துருக்கியரால் முற்றுகையிடப்பட்டது. உள்ளிருந்த பிரிட்டானிய வீரர்க்குப் பெரிபெரி வந்தது. இந்திய வீரர்க்கு ஸ்கர்வி வந்தது. ஒரே முற்றுகை, ஒரே காலம், இரு நோய். காரணம் உணவு. பிரிட்டானியர் வெண்மாவு ரொட்டி உண்டனர், குதிரையிறைச்சியும் உண்டனர். இந்தியர் உமியோடு கூடிய ஆட்டா மாவு உண்டமையாற் பெரிபெரி தவிர்ந்தனர். குதிரையிறைச்சியைப் பலர் நெடுநாள் மறுத்தமையால் ஸ்கர்வியுற்றனர். வெண்மாவு தீர்ந்து, ஆட்டாவும் வாற்கோதுமையும் கலந்து வழங்கியபின் பிரிட்டானியரிடத்துப் பெரிபெரி தணிந்தது. 'வைட்டமின்' என்னும் கருத்துக்கு 1912-இல் காசிமிர் பங்க் பெயரிட்டு நான்காண்டே கழிந்த நிலையில், இம்முற்றுகை அக்கருத்தின் கொடிய ஆய்வுக்கூடமாக அமைந்தது. மருத்துவ வரலாற்றார் இதனைப் போற்றுதல் இயல்பே.

ஆயின், இந்திய வீரர் ஏன் மறுத்தனர் என்னும் வினாவுக்கு மருத்துவக் குறிப்புகள் தரும் விடை குறுகியது. சமயத் தடை என்பதோடு அவை அமைகின்றன. இந்தியாவிலிருந்த சமயத் தலைவரின் இசைவு பெறப்பட்ட பின்னரும் பலர் உண்ணவில்லை எனின், சமயம் என்னும் ஒரு சொல் போதாது. ஊர் திரும்பியபின் உற்றார் தம்மை ஏற்பரோ, தம் மக்கட்கு மணம் கூடுமோ என்னும் அச்சம் பட்டினியினும் பெரிதாய் நின்றது. இவ்வச்சத்தை அட்டவணையின் எக்கட்டத்திலும் எழுத இயலாது. இந்திய வீரர் நெஞ்சத்தை ஓரளவேனும் அறிய வேண்டின், பிரான்சிலிருந்தும் பிரைட்டன் மருத்துவமனையிலிருந்தும் அவர் எழுதி, தணிக்கையாளர் மொழிபெயர்த்து வைத்த கடிதங்களை உடன்வைத்துப் படித்தல் வேண்டும். அவையும் முழுமையல்ல, மொழிபெயர்ப்பும் தேர்வும் தணிக்கையாளருடையன. ஆயினும் ஒரு குரலோடு மற்றொரு குரலை ஒப்பிடவேனும் அவை உதவும்.

சென்னைக்கு உரிய ஒரு செய்தியும் ஈண்டுக் கருதத்தக்கது. கல்கத்தாவை அடுத்த டம்டம் பாளையத்திலிருந்து நோயுற்றுத் திரும்பி, இங்கிலாந்தில் நெட்லி மருத்துவமனையில் மாண்ட படைவீரன் ஒருவனின் மண்ணீரலில், முன்னர்க் கூறிய லீஷ்மன் நுண்ணுயிர்களைக் கண்டார். 1903-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதனை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே சென்னைப் பொது மருத்துவமனையில் இந்திய மருத்துவப் பணித்துறையினரான சார்லஸ் டொனவன் அவ்வுயிர்களையே இறந்தோரிடத்தும், பின்னர் உயிரோடிருந்த சிறுவன் ஒருவனிடத்தும் கண்டார். ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் இணைத்து, அவ்வுயிர்க்கு 'லீஷ்மேனியா டொனவானி' எனப் பெயரிட்டார். காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலின் காரணம் இவ்வாறு வெளிப்பட்டது. கண்டார் இருவர் பெயரும் நிலைத்தன. எவர் உடலிற் கண்டனரோ அவர் பெயர் அந்நுண்ணுயிர்ப் பெயரில் இல்லை. மருத்துவ மரபு நோயாளி பெயரை மறைத்தல் அவர் மானம் காத்தற்பொருட்டு எனின் அது ஏற்கத்தக்கதே. ஆயினும் அம்மறைப்பால், சென்னையின் ஏழை நோயாளியர் இன்றி அக்கண்டுபிடிப்பு இல்லை என்பதும் மறைந்துபோதல் கூடாது.

இன்னும் ஆழ்ந்த மௌனம் பெண்டிர்க்குரியது. பாளையங்களில் பரவிய மேகநோயைப் பற்றி இவ்வறிக்கைகள் பல பக்கம் எழுதின. 1864-இன் பாளையச் சட்டமும் 1868-இன் தொற்றுநோய்ச் சட்டமும் பெண்டிரைப் பதிவு செய்தற்கும், ஆய்தற்கும், பூட்டு மருத்துவமனைகளில் அடைத்தற்கும் வழிவகுத்தன. இப்பதிவுகளில் படைவீரன் நோயுற்றவன். பெண்ணோ நோயின் ஊற்று. அவள் நோவு எண்ணப்படவில்லை. இவ்விடத்துத் தேடுபொறி நமக்குத் துணைசெய்யாது. எழுதப்படாத சொல்லைத் தேடித்தரும் பொறி இல்லை.

முடிபு

மேற்கூறியவற்றால் இவ்விதழ்களை இகழ்ந்தோம் எனக் கொள்ளற்க. சென்னையிற் பணியாற்றிய படைமருத்துவர் மால்கம்சன் 1835-இல் பெரிபெரி பற்றி இந்நகரிலேயே வெளியிட்ட நூல் முதலாகப் பல நூல்களும் இதழ்களும் நம் மாகாணத்து மக்களின் உணவையும் நோயையும் பற்றி வேறெங்கும் கிடைத்தற்கரிய செய்திகளைத் தம்முள் கொண்டுள்ளன. அவற்றை மின்வடிவில் அனைவர்க்கும் வழங்கினார் செய்த உதவி பெரிது. யாம் வேண்டுவது அவ்வுதவிக்கேற்ற பயிற்சி.

அப்பயிற்சி ஐவகைத்து. நோய்ப்பெயர் நிகண்டு தொகுத்தல். எழுதினோர் பதவியையும், எழுதிய காலத்து ஆணைகளையும் அறிதல். எண் எவ்வாறு பிறந்தது என ஆராய்தல். எழுத்துப்படியைப் பக்கப்படத்தோடு ஒப்பிடுதல். இதழில் பேசாதார் பேசும் பிற ஆவணங்களை உடன்வைத்துப் படித்தல். இவை ஐந்தும் புதியன அல்ல. சொற்பொருள் ஆராய்ச்சி, ஆசிரியர் வரலாறு, பாட ஆராய்ச்சி, ஒப்பீடு எனத் தமிழ்த்துறை நெடுங்காலமாகப் பயின்றுவரும் நெறிகளே அவை. நம் மாணாக்கர் சங்கச் செய்யுளின் ஒரு சொல்லைக் கணினியில் தேடி, வருமிடங்களை எண்ணிக் கட்டுரை முடிக்கும் காலம் வந்துள்ளது. சொல் வருமிடமெல்லாம் பொருள் ஒன்றன்று. வாராத இடமெல்லாம் பொருள் இல்லாமையுமன்று. படைமருத்துவ இதழ்கள் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

புறத்திணைப் புலவர் விழுப்புண்ணைப் பாடிப் புண்பட்டான் பெயரை நிறுத்தினர். அட்டவணையோ பெயரை நீக்கி எண்ணை நிறுத்தியது. அவ்வெண்ணுக்குப் பின்னே ஒருவன் காய்ச்சலுற்றுக் கிடந்தான் என்பதை மறவாது படிப்பவனே அவ்வட்டவணையைப் படித்தவன் ஆவான்.